தரையில் விட்ட ஐந்து சொட்டு

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இருவரும் நலம், உன் நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் இத்தனை வருஷமும் உனக்கு எழுதியிருக்கிறேன். இன்று அந்த வரி வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. நீ நலமில்லை என்பது எனக்குத் தெரியும். உன் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு ஒவ்வொரு மூச்சுக்கும் போராடுகிறது. அதன் தாய் புஷ்பா பக்கத்து வார்டில் தனியாகக் கிடக்கிறாள். பஸ்ஸில் ஏறினால் பத்து நிமிஷத்தில் போய்விடலாம். நீயோ அலுவிகாரை வாடகை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு நாலு பக்கம் கோபத்தை எழுதி அனுப்பியிருக்கிறாய். எழுத்து மட்டும் வழக்கம்போல் மணிமணியாகத்தான் இருக்கிறது. அந்தக் கோபத்திலும் ஒரு ஒற்றுக்கூட விட்டுப்போகவில்லை. வாசித்து முடித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மேல்மலையில் பனி இறங்குவதைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கிளினிக்கில் கொடுத்த விட்டமின் மாத்திரைகளைப் புஷ்பா சாப்பிடாமல், அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்ததை நீ கண்டுபிடித்துவிட்டாய். 'பிள்ளையின் மூச்சை இவள்தான் கெடுத்தாள், இனி இவள் தன் தாய் வீட்டுக்கே போகட்டும்' என்று எழுதியிருக்கிறாய். அந்த டின்னை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் அவள் கட்டிலில் கொட்டினாயாமே. ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அம்மாவும் மலையிறங்கி வந்தோம், அது உனக்குத் தெரியாது. அங்கிருந்த டொக்டர் அம்மாவிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். ஏழு மாதத்தில் நுரையீரல் முற்றியிருக்காது, அதனால்தான் மூச்சு முட்டுகிறது என்றார். தாய்க்கு விட்டமின் குறைந்தால் பிள்ளைக்கும் குறைந்துதான் போகும், அது நல்லதில்லை. ஆனால் இதனால்தான் அது என்று விரல் நீட்டிச் சொல்லத் தன்னால் முடியாது என்றார். அவ்வளவு படித்தவரே நீட்டாத விரலை நீ நீட்டியிருக்கிறாய்.

மாத்திரையை ஏன் முழுங்கவில்லை என்று நீ அவளிடம் கேட்டாயா? உன் அம்மா கேட்டாள். புஷ்பா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வெறும் வயித்துல முழுங்குனா அப்புடியே வெளிய வந்துருதுங்க அத்த. மா வந்தோன்ன ரெண்டு ரொட்டி தின்னுட்டு முழுங்கலாம்னு எடுத்து வச்சேன். மா வரவே இல்ல." இது பாண் ரொட்டிக்கும் கோதுமை மாவுக்கும் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கிற காலம். உன் வீட்டுக்குக் கிடைத்த அரை றாத்தல் பாணில் முக்கால்வாசி யார் வயிற்றுக்குள் போயிருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பார். வேலைக்குப் போகிறவன் சாப்பிடட்டும் என்று அவள் பேசாமல் இருந்திருக்கிறாள். உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டுகிற தகுதி எனக்குக் கொஞ்சமும் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இத்தனை காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீயும் ஏழு மாதப் பிள்ளைதான். இது உனக்குத் தெரிந்த கதை. தேயிலைக் கொழுந்து வாட்டுகிற மாடியில் வைத்துக் காப்பாற்றின பிள்ளை என்று தோட்டமே உன்னைச் சொல்லும். சின்ன வயதில் நீயும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவாய். அந்தக் கதையில் பாதியைத்தான் நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். மறுபாதியை உன்னிடம் மட்டுமில்லை, யாரிடமும் சொன்னதில்லை.

நீ பிறந்தது மார்கழியில். எல்கடுவ மலையில் மார்கழிப் பனி எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லயத்து வரிசையில் நம்முடைய ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஜன்னல் கிடையாது. அடுப்பைப் பற்றவைத்தால் புகை, அணைத்தால் குளிர். நீ என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கினாய். தோல் அவ்வளவு மெல்லிசு, உள்ளே ஓடுகிற நரம்பு தெரிந்தது. நீ மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே ஒரு குழி விழும், விட்டால் நிமிரும். உன் அம்மாவும் நானும் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு இருப்போம். அது விழுந்து நிமிர்கிற வரைக்கும் நாங்களும் மூச்சு விடமாட்டோம். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா வந்து பார்த்தார். அவர் வஹகோட்டைப் பக்கத்துக்காரர், கத்தோலிக்கர், தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். "புகையில வச்சா சரிவராது, குளிர்ல வச்சாலும் சரிவராது. புகையில்லாத சூடு வேணும். எங்க இருக்கு சொல்லு?" என்று கேட்டுவிட்டு அவரே என் சட்டையை முகர்ந்து பார்த்தார். நான் அப்போது தேயிலைப் பெக்டரியின் மேல்மாடியில் கொழுந்து பரப்புகிற வேலை செய்துகொண்டிருந்தேன். என் உடுப்பிலிருந்து வாடிய கொழுந்தின் வாசம் போகவே போகாது.

அப்படித்தான் நீ பெக்டரிக்கு வந்தாய். பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கண்டிப்பான மனிதர். தரையில் ஒரு தலைமயிர் கிடந்தாலும் கத்துவார். டிஸ்பென்சர் ஐயா அவரிடம் என்ன பேசினாரோ தெரியாது. மறுநாள் காலை உன் அம்மா உன்னைத் துணிப்பொட்டலமாக நெஞ்சோடு கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறியபோது, அவர் எதிரே வந்து நின்று, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நா ஒண்ணும் பாக்கல்ல" என்றார். பிறகு வாரத்துக்கு ஒருமுறை அவரே உன்னை வாங்கி, தேயிலை சாம்பிள் நிறுக்கிற தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பார். முதல் தடவை மூன்று றாத்தல்கூட நீ இல்லை.

அந்த மாடியை நீ கடைசியாக எப்போது பார்த்தாயோ. நான் இப்போதும் கண்ணை மூடினால் அங்கேதான் போய் நிற்கிறேன். நீளமான மாடி, இரண்டு பக்கமும் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல். சாக்குத் துணி இழுத்துக் கட்டிய தட்டுகள் அடுக்கடுக்காக, ஒவ்வொன்றிலும் பச்சைக் கொழுந்து. கீழே அடுப்பு எரிய, அந்தச் சூட்டை விசிறி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். காலையில் பச்சிலை நாற்றமாக இருப்பது, மத்தியானமாக ஆக மெல்ல மெல்லப் பழுத்த வாசமாக மாறும். வெளியே பனி கண்ணாடியில் வந்து முட்டும். உள்ளே வர வழியில்லாமல் வழிந்து இறங்கும். மூலைத் தட்டுக்கு அடியில் ஒரு சாக்கை விரித்து உன் அம்மா உட்கார்ந்திருப்பாள். விசிறிச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. உன் உதடு சிவந்து வரும். விலாக் குழி கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் குறையும். நான் கொழுந்தைப் பரப்பிக்கொண்டே அடுக்குகளுக்கு நடுவே உங்கள் இருவரையும் பார்ப்பேன். தட்டு, அதற்குப் பின்னால் நீங்கள். மறுபடியும் தட்டு, மறுபடியும் நீங்கள். அப்படி நடந்துகொண்டே இருந்தால் எனக்குத் தூக்கமும் விழிப்பும் கலந்துவிடும். என் ஆயுளில் அந்த ஒரு மாதத்தைப் போல் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. பயமும் இருந்தது, ஆனாலும் சந்தோஷம்தான்.

டிஸ்பென்சர் ஐயா ஒரு சின்னப் போத்தல் கொடுத்திருந்தார். மீன் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய், அதில்தான் விட்டமின் இருக்கிறது என்றார். தினமும் காலையில் ஐந்து சொட்டு, தாய்ப்பாலில் கலந்து கரண்டியால் கொடுக்க வேண்டும். உன் அம்மாவுக்குக் கை நடுங்கும், ஆறாகிவிடுமோ நாலாகிவிடுமோ என்று பயப்படுவாள். அதனால் சொட்டு விடுகிற பொறுப்பு என்னுடையது. அவள் பாலைப் பீய்ச்சிக் கரண்டியில் தருவாள், நான் வெளிச்சத்துக்குப் போய் எண்ணி விடுவேன். ஐயா வாரத்துக்கு ஒருமுறை வந்து போத்தலைத் தூக்கிப் பிடித்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார். சரியாக இருந்தால், "ஆ, நல்ல மனுசன்" என்று என் தோளில் தட்டுவார். நான்கு வாரத்தில் நீ இரண்டு கையையும் ஆட்டி அழ ஆரம்பித்தாய். அழுகிற அளவுக்கு மூச்சு வந்துவிட்டதே என்று உன் அம்மா சிரித்தாள்.

மாசி வந்தது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் எடுக்க அந்த வருஷம் என்னைச் சொன்னார்கள். நீ டவுனுக்குப் போய்ப் படித்தவன், அது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது உனக்கு விளங்குமோ என்னவோ. ஆற்றங்கரையில் கரகத்தை அலங்கரித்துத் தலையில் ஏற்றினால், மேல் லயம் கீழ் லயம் எல்லாம் வழிவிட்டு நிற்கும். கங்காணியே காலில் தண்ணீர் ஊற்றுவார். என் அப்பாவுக்கும் கிடைக்காத மரியாதை. பத்து நாளைக்கு முன்பே கையில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டிய வீட்டில் மீன், கருவாடு, இறைச்சி எதுவும் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. உன் அம்மா வீட்டைக் கழுவி மெழுகினாள், பழைய சட்டிகளைத் தூக்கி வெளியே வைத்தாள், புதுச்சட்டி வாங்கினோம். எல்லாம் முடிந்தபிறகு நான் அந்தப் போத்தலைப் பார்த்தேன்.

யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உன் அம்மாவிடம் சொன்னால் அவள் கொடுக்கத்தான் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். பூசாரியிடம் கேட்டால், 'அப்ப இந்த வருசம் வேற ஆளு எடுக்கட்டும்' என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அம்மன் குற்றமாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் மகனே. கரகம் என் தலையை விட்டுப் போய்விடக்கூடாது என்பதுதான் உண்மை. போத்தலைக் கொண்டுபோய் லயத்துக்குப் பின்னால் கல்லிடுக்கில் வைத்தேன். உன் அம்மா கரண்டியில் பாலைத் தந்தால் வழக்கம்போல் வெளிச்சத்துக்குப் போகிற மாதிரிப் போவேன். ஐயா போத்தலைப் பார்ப்பாரே என்பதற்காக, ஐந்து சொட்டை எண்ணித் தரையில் விடுவேன். வெறும் பாலைக் கொண்டுவந்து உனக்குக் கொடுப்பேன். மூன்றாம் நாளிலிருந்து ஒரு பூனை நேரம் தவறாமல் அந்தக் கல்லடியில் வந்து காத்திருந்தது. அதற்குப் பிறகு உன் சத்தையெல்லாம் அதுதான் நக்கியது. எண்ணுவதில் நான் ஒருநாளும் பிசகவில்லை, அவ்வளவு யோக்கியன்.

ஆறேழு நாளில் நீ வாடத் தொடங்கினாய். அழுகை நின்றது. விலாக் குழி பழையபடி ஆழமாக விழுந்தது. மாடிச் சூட்டிலும் உதடு நீலம் பாரித்தது. திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் டிஸ்பென்சர் ஐயா நம் காம்பராவுக்கே வந்தார். உன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், போத்தலைக் கேட்டார். நான் ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் அங்குமிங்கும் நடந்தார். பக்கத்துக் காம்பராப் பெண்கள் எல்லாரும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

"மருந்து சரியாத்தான் போயிருக்கு. அப்ப கொறை வேற எங்கயோ" என்றார். பிறகு உன் அம்மாவைப் பார்த்து, "ஒன்னோட பால்லதாம்மா சத்தில்ல" என்றார்.

"எம் பால்லயா ஐயா?"

"ஒன்னக் குத்தம் சொல்லல்ல. ஒடம்பு அப்பிடி. இன்னையிலருந்து நிப்பாட்டு. நா பால்மா தாறேன்."

உன் அம்மா குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்தாளா, அல்லது வேறு பார்க்க இடமில்லாமல் பார்த்தாளா, தெரியாது. என் கையில் காப்பு இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேனே! வாய் திறக்காமல் இருந்தாலே போதும், யாருக்கும் தெரியாது.

பாலை வற்றவைக்க மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டுவார்கள், தெரியுமா உனக்கு? கரகத்துக்கென்று டவுனிலிருந்து கூடை கூடையாக மல்லிகை வந்திருந்தது. அதிலிருந்து இரண்டு முழம் கிள்ளிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டுப் பெண் உன் அம்மாவின் மாரில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். மறுநாள் அதே மல்லிகைதான் என் தலையில் இருந்தது. மேளம் அடிக்க, தண்ணீர் ஊற்ற, எல்லாரும் கைகூப்ப, நான் ஆடிக்கொண்டே மலையேறினேன். அந்த வாசம் மூக்கில் ஏற ஏற என் ஆட்டம் வேகமெடுத்தது. அம்மன் வந்துவிட்டாள் என்றார்கள். எனக்குத் தெரியும் வந்தது யார் என்று, அது என் பயம். உன் அம்மா அதற்குப் பிறகு தலையில் மல்லிகை வைத்து நீ பார்த்திருக்கிறாயா? உன் கல்யாணத்தில்கூட எல்லாப் பெண்களும் மல்லிகை வைத்தபோது அவள் மட்டும் ரோசாப்பூ வைத்துக்கொண்டாள். வயசான காலத்தில் ஸ்டைலைப் பார் என்று நீ அவளைக் கிண்டல் பண்ணினாய். நானும் சிரித்தேன்.

கரகத்தைக் கோயிலில் இறக்கிவிட்டு வந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. நீ அழவில்லை, அசையவில்லை, கறுத்துப் போயிருந்தாய். டீமேக்கர் ஐயா திருவிழா என்றும் பாராமல் லொறியை எடுக்கச் சொன்னார். தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே உன் அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மலை வளைவு ஒவ்வொன்றிலும் உன் மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்த்தேன். சில வளைவில் ஒன்றும் தெரியாது, அடுத்த வளைவில் லேசாகச் சூடு படும். ஆஸ்பத்திரியில் ரப்பர்க் குழாயை மூக்கருகே பிடித்துக் காற்றுக் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், அதே மாதிரிச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் நீ பிழைத்து வந்தாய். சொட்டினால்தான் பிழைத்தாயா, காற்றினால் பிழைத்தாயா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தப் பத்து நாளும் ஒழுங்காகக் கொடுத்திருந்தாலும் நீ அப்படித்தான் வாடியிருப்பாயோ, அதுவும் தெரியாது. ஆனால் உன் அம்மாவின் பால் மேல் பழி விழுந்ததற்கு என்னுடைய ஐந்து சொட்டுதான் காரணம். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

டிஸ்பென்சர் ஐயாவிடம் பிறகு சொல்லிவிடலாம் என்று இருந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஒருநாள் அவருக்கு மாற்றல் வந்து போய்விட்டார். அதற்கும் பல வருஷம் கழித்துப் பூசாரியிடம், யாரோ கேட்டதுபோல், காப்பு நேரத்தில் பிள்ளைக்கு மீன் எண்ணெய் கொடுக்கலாமா என்று கேட்டேன். வாயில் வெற்றிலையோடு என்னை முறைத்தார். "பச்சப்புள்ளைக்கு ஏதுடா வெரதம்? ஆத்தாளும் புள்ள பெத்தவதானே" என்றார். அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கே கேட்டிருந்தால் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

உன் தங்கை பிறந்தது உனக்கு நினைவிருக்கும், உனக்கு அப்போது ஆறு வயது. பத்து மாதமும் நிறைந்து, கொழுகொழுவென்று பிறந்தாள். மிட்வைப் அம்மா பிள்ளையைக் கொண்டுவந்து மாரில் வைத்தாள். உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வேணாங்க, எம் பால்ல சத்தில்ல. மொதப் புள்ளையவே பறிகொடுக்கப் பாத்தேன்" என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சேலையெல்லாம் நனைய நனையப் பால் சுரந்து கிடந்தது, பிள்ளைக்கோ பால்மா. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். நான் வாசலில் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னால் என்னை என்ன செய்துவிடப் போகிறாள்? ஆனால் ஆறு வருஷம் மூடி வைத்ததைத் திறப்பது, முதல்நாளே திறப்பதைவிடக் கஷ்டம். வருஷம் ஏற ஏற இன்னும் கஷ்டமாகிவிட்டது. இன்றைக்கும் உனக்கு இருமல் என்று கடிதம் வந்தால் அவள் சோறு சாப்பிடமாட்டாள். அந்தக் காலத்துப் பால்தான் இன்னும் உன் நெஞ்சில் நின்று இருமுகிறது என்று நினைக்கிறாள். எனக்கு அவள் மேல் எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியும். பிரியம் இருந்தும் இதைச் செய்தேன் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். என்னைவிட நீ ஒரு விதத்தில் மேல். நான் வாயை மூடிப் பழி போட்டேன், நீ வாயைத் திறந்து போட்டாய். திறந்த வாயால் திருப்பியும் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை பிழைக்கும் என்று நான் உனக்குச் சத்தியம் செய்ய முடியாது. டொக்டர் அம்மாவும் செய்யவில்லை. பிழைத்தாலும் சரி, அந்த மாரியம்மா கைவிட்டாலும் சரி, அந்தப் பெண் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டு ஒருநாள்கூட இருக்கக்கூடாது. வார்டில் நர்ஸ் மணிக்கொருதரம் வந்து, பிள்ளைக்குக் குழாயில் கொடுக்கப் பால் எடுத்துக் கொடு என்று ஒரு கோப்பையை நீட்டுகிறாள். நீ டின்னைக் கொட்டிவிட்டுப் போன நாளிலிருந்து புஷ்பாவுக்குப் பால் குறைந்துகொண்டு வருகிறதாம். கோப்பையின் அடியில் கொஞ்சமாகத் தெரிந்ததை நான் பார்த்தேன், கண்ணை எடுத்துக்கொண்டேன். அவளிடம் போ. பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம், உனக்கு அது வரவும் வராது. கையில் கொஞ்சம் சாப்பாடு கொண்டுபோ, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் இரு. நான்தான் சாப்பிட்டுவிட்டேன் உன் பங்கை என்று ஒரு வார்த்தை சொல்.

இதோடு முடித்து ஒட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உனக்குப் போகிற எந்தக் கடிதத்தையும் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாமல் நான் ஒட்டியதில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாதே, நடுவில் இரண்டு மூன்று பக்கத்தைத் தாண்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு யோசனை இன்று காலையிலும் வந்தது, பார்த்துக்கொள். இத்தனை எழுதியும் எனக்குப் புத்தி வரவில்லை. அவள் இஸ்தோப்பில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். பூனை வந்த இடத்தில் அவள் கை நின்றது. பிறகு அது அசையவே இல்லை. முடித்துவிட்டு நான் தலையைத் தூக்கவில்லை. திட்டுவாள், சுளகைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப எம் பால்ல கொறை ஒண்ணுமில்லையா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"நல்ல பாலா?"

"நல்ல பால்தான்."

அவள் சுளகைக் கீழே வைத்தாள். உள்ளே போய் முகம் கழுவினாள், சேலை மாற்றினாள், பையை எடுத்துக்கொண்டாள். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாசற்படியில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஒங்ககிட்ட நா பொறவு பேசிக்கிறேன். அந்தப் புள்ளைக்குப் பால் வத்துறதுக்கு முன்ன யாராச்சும் போய்ச் சொல்லணும்."

பதினொரு மணி பஸ்ஸில் போய்விட்டாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் உனக்குக் கிடைக்க இரண்டு நாளாகும், ஆகவே அடுத்த பஸ்ஸில் மலையிறங்குகிற டிரைவர் கையில் கொடுத்துவிடுகிறேன். இதை நீ நின்றுகொண்டே வாசித்துவிட்டுக் கிளம்பினால் போதும். உன் அம்மா ஆஸ்பத்திரியில் புஷ்பாவிடம் போய்ச் சேர்ந்திருப்பாள். அவள் சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிடுவாள், நீ சொல்ல வேண்டியதை அவளால் சொல்ல முடியாது.

உன் அப்பா